எர்லிக் தேடிய இலக்கு

மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவது நகைப்பிற்குரிய செயல் என்பதை நம் நாட்டுப் பழமொழி அறிவிக்கின்றது. ஆயினும், மருத்துவ உலகம் நெடுங்காலம் இத்தகைய இடர்ப்பாட்டிலேயே சிக்கியிருந்தது. நோய்க்கிருமிகளைக் கொல்லவல்ல நஞ்சுகள் உலகில் பல உள. ஆனால், கிருமி குடியிருப்பதோ நோயாளியின் உடலினுள். கிருமியைக் கொல்லும் நஞ்சு நோயாளியையும் கொல்லுமாயின் அதனால் யாது பயன்? ஆதலின், மருத்துவன் அறிய வேண்டுவது நஞ்சு எது என்பது மட்டுமன்று. அது சென்று பற்ற வேண்டிய இடம் எது, பற்றலாகாத இடம் எது என்பதும் ஆகும். இவ்வொரு வினாவையே தம் வாழ்நாள் முழுவதும் ஓயாது ஆராய்ந்தவர் செருமானிய அறிஞர் பால் எர்லிக். சாயத்திலும், குருதியிலும், மருந்திலும் அவ்வினாவிற்கு அவர் விடை கண்டார். புற்றுநோயில் மட்டும் அவருக்கு விடை கிட்டவில்லை. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே, மார்பகப் புற்றுநோயில், அவ்விடையின் ஒரு பகுதி பிறர் கைக்கு எட்டியது.

எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், பிரஷ்ய நாட்டின் சைலீசியப் பகுதியில் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் இஸ்மார் விடுதி நடத்தி வந்தவர். தாயார் பெயர் ரோசா. தாய்வழி உறவினராகிய கார்ல் வைகர்ட் என்பவர் நோய்க்கூற்று அறிஞர். அக்காலத்தில் நிலக்கரித் தாரிலிருந்து புதிய புதிய செயற்கைச் சாயங்களைச் செருமானியத் தொழிற்சாலைகள் உருவாக்கிக் கொண்டிருந்தன. துணிக்கு ஏற்றும் அச்சாயங்களை உடலின் மெல்லிய சீவல்களுக்கும் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ்க் காணும் வழியை வைகர்ட் மேற்கொண்டிருந்தார். சிறுவர் எர்லிக்கின் உள்ளத்தில் சாயத்தின் மீது காதல் பிறந்தது இவராலேயே ஆகும்.

பிரெஸ்லா நகரில் பள்ளிக் கல்வியை முடித்த எர்லிக், பிரெஸ்லா, ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். பயின்றார் என்று சொல்வதைக் காட்டிலும், சாயத்தோடு விளையாடினார் என்று சொல்வது பொருந்தும். அவர் அமர்ந்த மேசை பல வண்ணப் புள்ளிகளால் நிறைந்திருக்குமாம். பிரெஸ்லாவிற்கு ஒருமுறை வந்த ராபர்ட் கோக் என்னும் மருத்துவருக்கு, சாயமேற்றுவதில் வல்லவன், ஆனால் தேர்வில் தேறமாட்டான் என்று இம்மாணவரை அறிமுகம் செய்தனர் என்பர். அக்கணிப்புப் பொய்த்தது. 1878ஆம் ஆண்டில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் எர்லிக் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டத்திற்கு அவர் எழுதிய ஆய்வுரையும் சாயமேற்றுதலைப் பற்றியதே.

ஒரு சாயம் உயிரணுவின் ஒரு பகுதியை மட்டும் பற்றி, அடுத்துள்ள பகுதியைத் தீண்டாமல் விடுவது ஏன்? சாயத்திற்கும் அப்பகுதிக்கும் இடையே வேதியியல் உறவு ஒன்று இருத்தல் வேண்டும் என்று எர்லிக் எண்ணினார். பிறர் சாயத்தை விளக்கேற்றிப் பார்ப்பதற்குரிய துணைக்கருவியாக மட்டுமே கொண்டனர். இவரோ, பொருள்கள் உடலில் எங்கே சென்று தங்குகின்றன என்பதைச் சொல்லும் தூதுவனாகவே அதனைக் கொண்டார். அவருடைய பிற்காலக் கண்டுபிடிப்புகள் அனைத்திற்கும் இதுவே வித்து.

பெர்லின் மாநகரின் சாரிட்டே மருத்துவமனையில் பிரெரிக்ஸ் என்னும் பேராசிரியர் இளைஞராகிய இவருக்கு இடமளித்தார். விருப்பம்போல் ஆராயவும் விட்டார். குருதியிலுள்ள வெள்ளணுக்கள் யாவும் ஓரினம் அல்ல என்பதையும், சாயத்தை ஏற்கும் பாங்கினால் அவற்றை வகைப்படுத்தலாம் என்பதையும் எர்லிக் அங்கே நிறுவினார். இன்று குருதிச் சோதனைச் சீட்டுகளில் காணும் வெள்ளணுக் கணக்கு அவ்வகைப்பாட்டினின்று வளர்ந்ததே.

1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், காசநோயின் கிருமியைத் தாம் கண்டறிந்த செய்தியைக் கோக் பெர்லினில் வெளியிட்டார். அவையில் அமர்ந்திருந்த எர்லிக், அன்றிரவே அக்கிருமிக்கு மேலும் தெளிவாகச் சாயமேற்றும் முயற்சியில் இறங்கினார். சாயமிட்ட கண்ணாடித் துண்டுகளை உலர்வதற்காக அணைந்திருந்த அடுப்பின்மேல் வைத்துவிட்டுச் சென்றாராம். பணிப்பெண் அதனை அறியாது விடியலில் அடுப்பை மூட்டிவிட்டாள். துண்டுகள் கெட்டன என்று பதறி எடுத்துப் பார்த்தபோது, வெப்பத்தால் சாயம் நன்கு பதிந்து, கிருமிகள் தெள்ளத் தெளியத் தோன்றின. இந்நிகழ்ச்சி எவ்வாறாயினும், எர்லிக் செம்மைப்படுத்திய முறையைக் கோக் மகிழ்ந்து ஏற்றார் என்பது உறுதி. அதன் வழிவந்த முறையே இன்றும் காசநோய்க் கிருமியைக் காணப் பயன்படுகின்றது.

1883இல் எர்லிக் ஹெட்விக் பிங்கஸ் என்னும் நங்கையை மணந்தார். பெண்மக்கள் இருவர் பிறந்தனர். 1885இல் பிரெரிக்ஸ் மறைந்தார். அடுத்து வந்த தலைவர் இவருடைய ஆராய்ச்சியை விரும்பினாரல்லர். அச்சூழலில் 1888இல் பேரிடி ஒன்று விழுந்தது. தாம் செம்மைப்படுத்திய முறையைக் கொண்டே சோதித்தபோது, தம் சளியிலேயே காசநோய்க் கிருமிகள் இருக்கக் கண்டார் எர்லிக். அந்நாளில் அந்நோய்க்கு மருந்தில்லை. வெப்பமும் வறட்சியும் உள்ள நிலமே தஞ்சம் என்று கருதி, மனைவியாருடன் எகிப்து நாட்டிற்குச் சென்றார். நற்காலமாக நோய் தணிந்தது. 1889இல் பெர்லினுக்குத் திரும்பியபோது அவருக்குப் பதவி ஏதும் இல்லை. சிறியதோர் ஆய்வுக்கூடத்தைத் தாமே அமைத்துக்கொண்டு, புதியதொரு துறையில் புகுந்தார். 1891இல் கோக்கின் தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

அப்பொழுது அவர் தேர்ந்தெடுத்த பொருள்களைக் கேட்டால் நமக்கு வியப்புத் தோன்றும். ஒன்று நாம் நன்கறிந்த ஆமணக்கு விதை. மற்றொன்று, நம் பொற்கொல்லர் பொன்னை நிறுக்கப் பயன்படுத்திய குன்றிமணி. இவ்விரண்டிலும் கொடிய நஞ்சுகள் உள்ளன. ஆமணக்கின் நஞ்சு ரிசின் எனவும், குன்றிமணியின் நஞ்சு அப்ரின் எனவும் பெயர் பெறும். சுண்டெலிகளுக்கு முதலில் மிகச் சிறிய அளவில் ரிசினைக் கொடுத்து, நாளடைவில் சிறிது சிறிதாக மிகுத்து வந்தார் எர்லிக். சில வாரங்களில், மற்ற எலிகளை உடனே கொல்லும் அளவினைப் போலப் பன்மடங்கு நஞ்சினை அவ்வெலிகள் தாங்கின. ஆனால், ரிசினைத் தாங்கிய எலிக்கு அப்ரினைக் கொடுத்தால் அது மாண்டது. அப்ரினைத் தாங்கப் பழகிய எலி ரிசினால் மாண்டது. உடலில் உண்டாகிய எதிர்ப்பு, பொதுவானதன்று. இன்ன நஞ்சிற்கு இன்ன எதிர்ப்பு என்று வரையறுக்கப்பட்டது. ஒரு பூட்டிற்கு ஒரு சாவி என்பதுபோல் அஃது அமைந்திருந்தது.

இன்னுமொரு சோதனையையும் ஈண்டுக் கூறல் வேண்டும். எதிர்ப்பாற்றல் பெற்ற தாய் எலி ஒன்றினிடம், எதிர்ப்பாற்றல் இல்லாத வேறொரு தாயின் குட்டிகளைப் பாலுண்ண விட்டார். பாலுண்ட குட்டிகளும் அந்நஞ்சினைத் தாங்கும் ஆற்றல் பெற்றன. தாய்ப்பாலின் வழியே காப்பு இறங்குகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. தானே ஈட்டிய காப்பு நெடுநாள் நிற்கும். பிறரிடமிருந்து பெற்ற காப்புச் சில நாள்களில் தேய்ந்துவிடும் என்ற வேறுபாட்டையும் அவர் வகுத்துக் காட்டினார்.

அக்காலத்தில் தொண்டை அடைப்பான் என்னும் நோய் குழந்தைகளைக் கூட்டங் கூட்டமாகக் கொன்றுவந்தது. அந்நோயின் நஞ்சினைக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதிநீரை மருந்தாக்கும் வழியை எமில் பெஹ்ரிங் என்பவர் கண்டிருந்தார். ஆனால், ஒரு குப்பி மருந்து குழந்தையைக் காக்கும். மற்றொரு குப்பி பயன்படாது. ஆற்றலை அளக்கும் முறை எதுவும் இல்லாமையே காரணம். எர்லிக் அதற்கு மாறாத அளவுகோல் ஒன்றை வகுத்தார். 1897 முதல் அவ்வளவுகோலைக் கொண்டே மருந்தின் ஆற்றல் அளக்கப்பட்டது. பெஹ்ரிங் பெரும்புகழும் பெருஞ்செல்வமும் பெற்றார். எர்லிக்கிற்குச் செல்வத்தில் பங்கு கிட்டவில்லை. நண்பர் இருவருக்கும் இடையே மனத்தாங்கலே மிஞ்சியது.

தாம் கண்டவற்றையெல்லாம் ஒரு கோவையாக இணைத்து, 1897இல் பக்கச் சங்கிலிக் கொள்கையை அவர் வெளியிட்டார். உயிரணுவின் மேற்புறத்தில் பலவகை ஏற்பிகள் உள்ளன. நஞ்சு அவற்றுள் தனக்குப் பொருந்தும் ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட உயிரணு, இழந்த ஏற்பிக்கு ஈடாக மேலும் பலவற்றை ஆக்குகிறது. அவ்வாறு மிகையாக ஆகியவை உயிரணுவை விட்டு விலகிக் குருதியில் மிதக்கின்றன. அவையே எதிர்ப்பொருள்கள். எந்தப் பொருள் உடலினுள் புகுந்து தனக்குரிய எதிர்ப்பொருளை எழுப்புகிறதோ, அதனை ஆன்டிஜென் என்று வழங்குகிறோம். எர்லிக்கின் கொள்கை எல்லாவகையிலும் சரியென்று சொல்வதற்கில்லை. எதிர்ப்பொருளை ஆக்குவன வெள்ளணுக்களில் ஒரு குறிப்பிட்ட இனமே என்பது பின்னரே தெரியவந்தது. எனினும், உயிரணுவின் மேற்புறத்தில் ஏற்பி உண்டு, அதனுடன் பொருந்துவதே செயற்படும் என்னும் அடிப்படை இன்றும் நிலைபெற்றுள்ளது.

எதிர்ப்பொருளின் இத்தன்மை எர்லிக்கை மயக்கியது. வில்லினின்று விடுபட்ட இராமபாணம் எங்கு ஒளிந்தாலும் பகைவனைத் தேடிச் சென்று தாக்கும் என்று நம் காப்பியம் கூறும். அவருடைய நாட்டுக் கதைகளிலும் குறிதவறாத மந்திரக் குண்டு ஒன்று உண்டு. எதிர்ப்பொருளை அக்குண்டிற்கு ஒப்பிட்ட அவர், வேதியியல் மருந்தும் அவ்வாறே நோய்க்கிருமியை மட்டும் தாக்குமாறு செய்தல் இயலும் என நம்பினார்.

1899இல் எர்லிக்கின் ஆராய்ச்சி நிலையம் பிராங்க்பர்ட் நகருக்கு மாற்றப்பட்டது. அங்கே அவரைக் காணச் சென்றோர் அவரது அறையைக் கண்டு திகைப்பர். நாற்காலிகள்மீதும், சாய்விருக்கைமீதும், தரையின்மீதும் நூல்களும் இதழ்களும் குவிந்து கிடக்கும். வந்தவர் அமர இடம் இராது. ஒவ்வொரு நாளும் உதவியாளர் செய்ய வேண்டிய பணிகளை வண்ணப் பென்சிலால் சிறுசிறு தாள்களில் எழுதி அனுப்புவார். தாள் கிடைக்காதபோது சட்டையின் கைப்பட்டையும் தாளாகிவிடும். சுருட்டுப் பெட்டியை எந்நேரமும் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு இருபத்தைந்து வரை புகைப்பார். உடலுக்கு நஞ்சாவது எது என்று ஆராய்ந்த பெரியார் இவ்வொரு நஞ்சினைத் தாமே விரும்பி ஏற்றது வருந்தத்தக்கது. மற்றபடி அவர் எளியர். பொறுமையும் திறமையும் பொருளும் நல்லூழும் ஆகிய நான்கும் இன்றி ஆராய்ச்சி நடவாது என்பது அவர் கருத்து.

இந்நகரில்தான் எர்லிக் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். பிராங்க்பர்ட் செல்வர் குடும்பமொன்றின் நன்கொடை அதற்குத் துணைநின்றது. ஹியூகோ அப்போலந்த் என்னும் அறிஞர் அவருடன் பணியாற்றினார். அவர்கள் ஆராய்ந்தவை சுண்டெலிகளில் தாமாகவே தோன்றிய கட்டிகள். அவற்றுட் பெரும்பாலானவை பெண் எலிகளின் பால்சுரப்பியில் எழுந்தவை. அதாவது, மகளிர்க்கு வரும் மார்பகப் புற்றை ஒத்தவை. கட்டியைச் சிறு துண்டாக்கி வேறோர் எலியின் தோலின்கீழ்ப் பதிய வைப்பர். முதலில் அது பெரும்பாலும் பற்றுவதில்லை. பற்றிய கட்டியினின்று மீண்டும் எடுத்து மற்றோர் எலிக்கும், அதனின்று வேறோர் எலிக்கும் மாற்றிக்கொண்டே போனால், கட்டியின் வேகம் மிகுந்து ஏறத்தாழ எல்லா எலிகளிலும் பற்றியது.

இங்கே ஒரு புதுமை தோன்றியது. வேகம் குறைந்த கட்டியை ஓர் எலிக்கு வைத்து, அது பற்றாமற் போனபின், வேகம் மிகுந்த கட்டியை அதே எலிக்கு வைத்தால், அதுவும் பல நேரங்களில் பற்றவில்லை. அம்மை குத்திக்கொண்டவரை அம்மை அணுகாததுபோல இது தோன்றிற்றன்றோ! மற்றொரு சோதனை இதனினும் விந்தையானது. சுண்டெலியின் கட்டியை, வேறோர் இனமாகிய பெரிய எலியின் உடலில் பதித்தார் எர்லிக். அது சில நாள்கள் விரைந்து வளர்ந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் சென்றதும் வளர்ச்சி நின்று சுருங்கத் தொடங்கியது. அப்பொழுதே அதனை எடுத்து மீண்டும் சுண்டெலியில் வைத்தால், முன்போல் வளர்ந்தது.

இதற்கு எர்லிக் கண்ட விளக்கம் யாது? புற்றணு வளர்வதற்குத் தனிப்பட்ட உணவுப்பொருள் ஒன்று தேவை; அது சுண்டெலியின் உடலில் உண்டு, பெரிய எலியின் உடலில் இல்லை; கட்டியுடன் சென்ற உணவு தீர்ந்ததும் கட்டி பட்டினியால் வாடுகிறது என்று அவர் கொண்டார். எதிர்ப்பொருள்களின் தந்தை எனத்தக்க அவர், இவ்விடத்தில் எதிர்ப்பாற்றலை விட்டுப் பட்டினியை நாடியது விந்தையே. இன்று நாம் அறிவது வேறு. அயல் இனத்தின் தசையைக் கண்ட பெரிய எலியின் உடல், அதனைப் பகையென உணர்ந்து, தன் வெள்ளணுக்களையும் எதிர்ப்பொருள்களையும் திரட்டுவதற்குச் சில நாள்கள் பிடிக்கின்றன. அவை திரண்டதும் கட்டி அழிகிறது. சுண்டெலிக்குள்ளும் நிகழ்ந்தது பெரும்பாலும் இதுவே. அந்த எலிகள் ஒரே கால்வழியைச் சேர்ந்தவையல்ல. ஆதலால், ஒன்றின் தசை மற்றொன்றுக்கு அயலே. உடல் எதிர்த்தது புற்றை அன்று; பிறர் தசையை. தன் உடலிலேயே தோன்றிய புற்றினைத் தன் உடல் அவ்வாறு எதிர்க்குமா என்னும் வினா விடையின்றியே நின்றது.

கிருமி அயலான், அவனுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. புற்றணுவோ நம் உடலின் சொந்த அணு. நெறிதவறி ஓயாது பெருகுவது. வீட்டிற் பிறந்த பகைவனை எந்த அடையாளத்தால் இனங்காண்பது? எர்லிக்கைத் திகைக்கவைத்த இடர்ப்பாடு இதுதான். ஆயினும் நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. நெறிதவறிய அணுக்கள் மனித உடலில் அடிக்கடி தோன்றக்கூடும் என்றும், உடலின் காப்பாற்றல் அவற்றை அடக்கி வைக்கிறது என்றும், அக்காப்பு இல்லையேல் புற்றுநோய் அச்சந்தரும் அளவிற்கு மிகுந்திருக்கும் என்றும் 1909இல் வெளியான உரையொன்றில் அவர் எழுதினார். சோதித்துப் பார்க்கும் கருவிகள் அந்நாளில் இல்லை. அவ்வுரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது.

1908இல் மெச்னிக்காவ் என்னும் உருசிய அறிஞருடன் எர்லிக் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டில், ஜப்பானிலிருந்து வந்த சஹாச்சிரோ ஹாட்டா என்னும் அறிஞருடன், ஆர்செனிக் சேர்ந்த கூட்டுப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 606 என்னும் எண்ணுடைய பொருள் மேகநோயின் கிருமியைக் கொன்றது. சோதனை விலங்கு பிழைத்தது. 1910இல் சல்வார்சன் என்னும் பெயருடன் அது மருத்துவ உலகிற்கு வந்தது. நோயாளர் பல்லாயிரவர் உய்ந்தனர். எனினும், அம்மருந்து முற்றிலும் தீங்கற்றதன்று. செலுத்தும் முறையில் தவறினால் இடர் நேர்ந்தது. சிலர் இறந்தும் போயினர். பகைவர் இதனைப் பற்றிக்கொண்டு எர்லிக்கைக் கடுமையாகத் தூற்றினர். வழக்கு மன்றம்வரை சென்ற அப்பூசல் 1914இல் முடிவுற்று, தூற்றியவர் தண்டனை பெற்றார். ஆனால், எர்லிக்கின் உடல்நலம் அதற்குள் குலைந்துவிட்டது. அவ்வாண்டிலேயே முதல் உலகப்போரும் மூண்டது. 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் ஹோம்பர்க் என்னும் ஊரில் எர்லிக் உயிர்நீத்தார். இட்லரின் ஆட்சிக் காலத்தில், யூதர் என்னும் ஒரே காரணத்தால், பிராங்க்பர்ட் தெருவொன்றிற்கு இடப்பட்டிருந்த அவர் பெயர் நீக்கப்பட்டது. மனைவியார் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

எர்லிக் விட்டுச்சென்ற வினாவிற்கு வருவோம். நெடுங்காலம் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கி, ஒரு தாய் வயிற்று இரட்டையரைப்போல் ஒத்த சுண்டெலிகளைப் பிற்காலத்தார் உண்டாக்கினர். அவற்றுள் ஒன்றின் தோலை மற்றொன்று அயலென ஒதுக்காது. 1957இல் அமெரிக்க அறிஞர் பிரேனும் மெயினும் அத்தகைய எலிகளில், வேதிப்பொருளால் உண்டாக்கிய கட்டிகளைக் கொண்டு சோதித்தனர். ஒருமுறை ஒரு கட்டிக்கு எதிராகக் காப்புப் பெற்ற எலி, அதே கட்டியை மீண்டும் வைத்தபோது அதனை அழித்தது. ஆனால், அக்கட்டி தோன்றிய எலியின் தோலை அழிக்கவில்லை. புற்றணுவின்மீது, நல்ல அணுவில் இல்லாத அடையாளம் ஒன்று உண்டு என்பது இதனால் புலனாயிற்று. அவ்வடையாளங்களையே புற்று ஆன்டிஜென்கள் என்கிறோம். எர்லிக்கின் 1909ஆம் ஆண்டுக் கருத்தையொத்த எண்ணங்களை லூயிஸ் தாமசும் பர்னெட்டும் அக்காலத்திலேயே மீண்டும் எழுப்பினர்.

1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் கோலரும் மில்ஸ்டைனும், ஒரே இலக்கினைப் பற்றும் எதிர்ப்பொருளை வேண்டுமளவு ஆக்கும் வழியைக் கண்டனர். அம்பு ஆயத்தமாயிற்று, இலக்கு வேண்டுமன்றோ? 1987இல் டென்னிஸ் சிலேமன் என்னும் அமெரிக்க மருத்துவரும் உல்ரிக் முதலிய துணைவரும் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தனர். ஹெர்-2 என்னும் ஏற்பியை ஆக்கும் மரபணு சிலருடைய கட்டிகளில் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. அத்தகையோர்க்கு நோய் விரைவில் திரும்பியது. அவர்கள் ஆயுளும் குறைந்தது. இவ்வேற்பி புதியதொரு பொருளன்று. நல்ல அணுவிலும் அது சிறிதளவு உண்டு. புற்றணுவின் மேற்புறத்திலோ பன்மடங்கு செறிந்து, பெருகு பெருகு என்று அணுவை ஓயாது தூண்டுகிறது. அடையாளம் அயன்மையில் இல்லை, மிகையில் இருந்தது.

அவ்வேற்பியைப் பற்றும் எதிர்ப்பொருள் ஒன்றை எலியின் அணுவிலிருந்து பெற்றனர். எலியின் எதிர்ப்பொருளை மனித உடல் அயலென விலக்கும் ஆதலால், பற்றும் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனைய பகுதியை மனிதருடையதாக மாற்றினர். டிராஸ்டுசுமாப் என்னும் அம்மருந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஏற்பியின் தூண்டுதலைத் தடுப்பதோடு, வெள்ளணுக்களை அழைத்துப் புற்றணுவின்மீது ஏவுவதும் அதன் தொழில். நோய் முற்றிப் பரவிய மகளிர்க்கு அது சில திங்கள் வாழ்வையே மிகுத்தது என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயின் தொடக்கத்திலேயே, அறுவைக்குப்பின் கொடுத்தபோது, நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பது 2005இல் தெரிந்தது. இந்த ஏற்பி மிகுந்தோர் மார்பகப் புற்றுநோயாளருள் ஐவரில் ஒருவர்க்கும் குறைவே; மற்றவர்க்கு இம்மருந்து அம்முறையில் உதவாது. மேலும், இதயத் தசைக்கும் இவ்வேற்பி தேவைப்படுவதால், சிலர்க்கு இதயம் தளர்கிறது. ஆகவே, மருந்து கொடுக்கும் காலம் முழுவதும் இதயத்தைச் சோதித்து வருகின்றனர்.

எதிர்ப்பொருளின் தோளில் கடும் நஞ்சினை ஏற்றி, அதனைக் கட்டிக்கு நேரே அனுப்பும் மருந்து 2013இல் வந்தது. அதனினும் வலிய மற்றொன்று 2019இல் வந்தது. புற்று ஆன்டிஜெனை ஊசியாகச் செலுத்தி, உடலே தன் காப்பினை எழுப்புமாறு செய்யும் முயற்சி இன்னும் கனியவில்லை. ஹெர்-2 ஏற்பியின் சிறு துண்டு ஒன்றைக் கொண்டு நடந்த பெரிய சோதனையொன்று, பயன் காணப்படாமையால் 2016இல் நிறுத்தப்பட்டது. சுண்டெலிக்கு ரிசினை ஊட்டி எர்லிக் எளிதிற் பெற்ற காப்பினை, மனிதரின் மார்பகப் புற்றுக்கு எதிராகப் பெறுவது அத்துணை அரிதாக உள்ளது. ஆராய்ச்சி தொடர்ந்து நடைபெறுகின்றது.

ஒரு பெண்மணியின் கட்டி இம்மருந்துகளுக்கு உரியதா என்று அறிய, மருத்துவர் முதலில் அக்கட்டியின் சிறு துண்டைச் சீவி, ஹெர்-2 ஏற்பியைப் பற்றும் எதிர்ப்பொருளை அதன்மீது இட்டுச் சாயமேற்றுகின்றனர். ஏற்பி மிகுந்திருந்தால் ஒவ்வோர் அணுவைச் சுற்றிலும் பழுப்பு நிறம் வளையமாகப் படிகிறது. நுண்ணோக்கியின் கீழ் அந்நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து, சுழி முதல் மூன்று வரை மதிப்பெண் இடுகின்றனர். மூன்று பெற்ற கட்டிக்கு மருந்து உண்டு. இரண்டு பெற்றதற்கு மரபணுவை எண்ணிப் பார்த்த பின்னரே முடிவு செய்கின்றனர்.